வழிமொழிய ஒரு கை

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. நகரசபைக் கூடத்தில், பார்வையாளர் பெஞ்சில், அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன். இன்னும் ஆறவில்லை.

2

முதல் தொடக்கம்: 'கையில் ஒரே ஒரு பெட்டியோடு, கண் நிறையக் கனவுகளோடு அண்ணி இந்த நாட்டில் வந்திறங்கியபோது...'

(அடித்துவிட்டேன். பெட்டியைக் காட்டினால் உங்களுக்கு இரக்கம் வந்துவிடும். அண்ணி உங்களிடம் கேட்டது ஓட்டு.)

இனி, நடந்தபடியே. அண்ணி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறார். எங்கள் குடியிருப்பு நகரசபைக்குச் சொந்தம். லிஃப்ட் பழுதாகி மாதக்கணக்கில் நின்றுபோனதில், மேல்மாடிக் கர்ப்பிணி ஒருத்தி படியிறங்க முடியாமல் வீட்டுக்குள்ளேயே பிள்ளை பெற்றாள். புகார் சொல்லப் போன அண்ணியிடம் அலுவலகத்தில் கேட்டார்கள்: "உங்களுக்கு இங்க ஓட்டு இருக்கா?"

இல்லை. அதனால் குடியுரிமை வாங்கினார். வாங்கிய கையோடு கதவு கதவாகத் தட்டி மற்றவர்களையும் வாங்க வைத்தார். அப்புறம் நகரசபைத் தேர்தலில் நின்றார். "உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்று முணுமுணுத்த அண்ணன்தான் சுவரொட்டிக்குப் பசை காய்ச்சினார். அண்ணி ஜெயித்தார்.

3

முதல் கூட்டம். புதிய உறுப்பினர்கள் ஒவ்வொருவராகப் பேசினார்கள்: சாலை, வரி, குப்பை. அண்ணியின் முறை வந்ததும் தலைவர் குழைந்தார்.

"இந்த ஊர் உங்கள ஏத்துக்கிட்டதுக்கு ரெண்டு வார்த்தை நன்றி சொல்லுங்களேன்மா."

"முன்னாடி பேசினவங்க யாரும் சொல்லலையே."

"அவங்க இங்கயே பொறந்தவங்க."

"அவங்க படுத்த படுக்கைத் துணியெல்லாம் நான்தான் துவைக்கிறேன். எனக்கு யாரும் நன்றி சொன்னதில்ல. நானும் கேட்டதில்ல. லிஃப்ட்டப் பத்திப் பேசலாமா?"

"நல்ல நாளும் அதுவுமா சண்டை எதுக்கும்மா?"

மைக் அணைந்தது.

(ஒரு வரைவில் அண்ணியை இங்கே அழவிட்டிருந்தேன். படித்துப் பார்த்துவிட்டு, "நான் எப்ப அழுதேன்? எடு அத" என்றார். எடுத்துவிட்டேன்.)

சலவை எந்திரங்களின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய குரல் அது. மைக் இல்லாமலே தீர்மானத்தைச் சொன்னார்: குடியிருப்பு லிஃப்ட்டுகளை உடனே சரிசெய்ய வேண்டும். உறுப்பினர் ஒருவராவது கையைத் தூக்கி வழிமொழிந்தால்தான் அது விவாதத்துக்கே வரும்.

உறுப்பினர் வரிசையில் ஒரு கை எழுந்தது. மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துவிட்டு இறங்கிக்கொண்டது.

பின்னால், பார்வையாளர் பெஞ்சில், அண்ணன் கையைத் தூக்கினார். அடுத்து, இடுப்பில் பிள்ளையோடு அந்த மேல்மாடிக்காரி. பிறகு பெஞ்சு முழுக்க.

"பார்வையாளர் கை செல்லாது" என்றார் தலைவர்.

யாரும் இறக்கவில்லை.

4

முடிவு ஒன்று: உறுப்பினர் ஒருவர் மனம் மாறி... (வேண்டாம். ஒரு நல்லவரைக் காட்டினால் மற்ற அத்தனை பேரும் தப்பித்துவிடுவார்கள்.)

முடிவு இரண்டு: கடைசிவரை யாருமே... (இதுவும் வேண்டாம். ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு உங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவீர்கள்.)

நடந்தது எனக்குத் தெரியும். சொல்லப்போவதில்லை. அண்ணி இன்னும் நின்றுகொண்டிருக்கிறார். உறுப்பினர் நாற்காலி ஒன்றில் உங்களை உட்கார வைத்துவிட்டுப் போகிறேன்.

உங்கள் கை செல்லும்.