ஆயுத பூஜைக்குத் துடைத்த சர்வர்

பழைய பிரெஞ்சுப் பத்திரங்களைக் கணினியில் ஏற்றும் எங்கள் அலுவலகத்தில் எல்லா மேசைக்கும் சேர்த்து ஒரே லினக்ஸ் சர்வர். அதில் எதையும் மாற்றவும் அழிக்கவும் அதிகாரம் தரும் ‘ரூட்’ கணக்கின் பாஸ்வேர்டு இயக்குநர் அரிகிருஷ்ணனிடம் மட்டுமே இருந்தது. பதவிக்கு அதுதான் அழகு என்பார்.

ஆயுத பூஜைக்கு மேசை, பீரோ எல்லாம் துடைத்தோம். இயக்குநர் தம் பங்குக்குச் சர்வரில் தற்காலிக ஃபைல்கள் சேரும் ஃபோல்டரையே அழித்து, அதே பெயரில் புதிதாக ஒன்றை உண்டாக்கி, பெட்டிக்குச் சந்தனமும் வைத்தார்.

விடுமுறை முடிந்து வந்தால் யாராலும் உள்ளே போக முடியவில்லை. பாஸ்வேர்டைக் கொடுத்தால் திரை கறுத்து, மறுபடி பாஸ்வேர்டையே கேட்டது.

“எனக்கு வருதே,” என்றார் இயக்குநர்.

ஒப்பந்தப் பொறியாளர் பூர்ணிமாவின் பணி நீட்டிப்பு அவர் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. அவருடைய கணினியை அவள் நின்றபடியே பார்த்தாள்.

“உள்ள வர்றப்ப ஒவ்வொருத்தர் பேர்லயும் அந்த ஃபோல்டர்ல ஒரு ஃபைல் எழுதணும் சார். நீங்க புதுசா போட்டதுல ரூட் மட்டும்தான் எழுத முடியும். எல்லாருக்கும் திறக்கணும்.”

“எல்லாரும் எழுதுனா இது ஆபீசா, பெரிய மார்க்கெட்டாம்மா?”

“அவங்கவங்க ஃபைலை அவங்கவங்கதான் அழிக்கிற மாதிரி வச்சிடறேன் சார்.”

“நான்?”

“நீங்க ரூட்டு சார். யாரோடத வேணா அழிக்கலாம்.”

அவர் முகம் தெளிந்தது. அவள் ஒரே வரி அடித்தாள். எல்லாத் திரைகளும் திறந்தன.

பூஜை போட்டதில் சர்வர் வேகமாகிவிட்டது என்று மத்தியானம் முழுக்கப் பொரி கொடுத்தபடி சொன்னார் இயக்குநர். பூர்ணிமாவின் நீட்டிப்பில் கையெழுத்துப் போடவில்லை.

“அதான் நல்லா ஓடுதே,” என்றார். “இனிமே ஆளு எதுக்கு?”