நாளைக்கே ஒரு புகார் வேண்டும்

பள்ளிவாசல் ஊருக்கு மேலே மலையில் இருக்கும் எங்கள் தேயிலை ஃபேக்டரியில் பெண்களின் பாதுகாப்புக்கு ஒரு குறையும் கிடையாது. ஆறு வருஷமாகப் புகார் கமிட்டி இருக்கிறது, நோட்டீஸ் போர்டில். சூப்பர்வைசர் கோபிநாத்தைப் பற்றி நான் இரண்டு தடவை எழுதிக் கொடுத்தேன். இரண்டையும் மேனேஜர் வாங்கி வைத்துக்கொண்டார் என்றாள் கிளார்க் ஆனந்தி. கமிட்டித் தலைவியே அவள்தான். கோபிநாத், மேனேஜர் மனைவியின் தம்பி.

இந்த வருஷம் ஏற்றுமதிக்கு ஏதோ சான்றிதழ் வேண்டுமாம். சென்னையிலிருந்து ஆய்வுக்கு வந்த மேடம், "ஆறு வருஷத்துல ஒரு புகார்கூட இல்லைன்னா உங்க கமிட்டி தூங்குதுன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டார். மேனேஜருக்கு வியர்த்துக் கொட்டியது. என்னைக் கூப்பிட்டார்.

"மாரீஸ்வரி, நாளைக்கே ஒரு பராதி வேணும். கோபிநாத் தோள்ல கை வச்சான்னு சும்மா சொல்லு. நம்ம ஆளு, மன்னிப்புக் கேட்டுருவான்."

"நெசமா நடந்த மாதிரி சொல்லணுமா சார்?"

"அப்படியே தத்ரூபமா இருக்கணும்."

அடப்பாவி என்று மனசுக்குள் திட்டிவிட்டு, சரி என்றேன்.

சட்டப்படி மூடிய அறையில் நடக்கவேண்டிய விசாரணையை மேனேஜர் கேன்டீனில் வைத்து, மேடத்துக்கு முன்வரிசையில் மெத்தை நாற்காலி போட்டார். கோபிநாத் மாப்பிள்ளை கணக்காகப் புதுச்சட்டையில் வந்து நின்றான்.

நான் தேதியைச் சொன்னேன். ஸ்டோர் ரூம் கதவை அவன் சாத்தியதைச் சொன்னேன். அவன் கையைத் தட்டிவிட்டதற்காக, பேக்கிங்கிலிருந்து என்னைத் தூக்கி, மார்கழிக் குளிரில் தரை கழுவ விட்டதைச் சொன்னேன். அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவன் முகம் செத்துவிட்டது.

"சாட்சி உண்டா?" ஆனந்தி தாளைப் பார்த்துக் கேட்டாள். 'இல்லை' என்பதுதான் மேனேஜர் எனக்கு எழுதிக் கொடுத்த பதில். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து பேக்கிங் பொண்ணு சித்ரா கையைத் தூக்கினாள்.

"எனக்கும் அதே ஸ்டோர் ரூம்தான்."

இன்னும் நாலு கைகள் எழுந்தன.

"மச்சான், இது நாடகம்னு சொல்லுங்க!" என்று அலறினான் கோபிநாத்.

மேடம் திரும்பிப் பார்த்தார். "நாடகமா?"

மேனேஜர் பாவம். நாடகம் என்றால் சான்றிதழ் போச்சு. நிஜம் என்றால் வீட்டில் சோறு போச்சு. மேடம் பக்கம் திரும்பினார்.

"சேச்சே! எங்க கமிட்டி ரொம்பக் கறார் மேடம்."

அன்றைக்கே சஸ்பெண்ட் ஆர்டர் டைப் ஆனது. ஆனந்தி விசாரணை அறிக்கையில் தலைவி என்று கையெழுத்துப் போட்டாள். பேனாவை அழுத்திய அழுத்தில் தாள் கிழியப் பார்த்தது.

வெளியே வந்ததும் சித்ரா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இனிமே ஸ்டோர் ரூமுக்குத் தனியாப் போலாமா?"

அவளுக்குப் பத்தொன்பது வயசு.

"போடி" என்றேன். "பாட்டுப் பாடிக்கிட்டே போ."