மிஷினுக்குத் தூங்குகிற பிள்ளை

இசக்கிச்செல்வியின் மகனுக்குத் தாலாட்டு வேண்டாம், தையல் மிஷின் ஓடினால் போதும் என்று தெருவே சொல்லும். மிஷின் கடகடவென்று ஓடத் தொடங்கியதும் நந்தகோபாலுக்குக் கண் செருகிவிடும். கரண்டு போனால் விழித்துக்கொள்வான். கரண்டு வந்து அவள் மறுபடி மிதித்தால் மறுபடி தூக்கம். பத்து மாதப் பிள்ளை இப்படி வேலைக்கு ஒத்துழைப்பது எந்தத் தாய்க்குக் கிடைக்கும் என்று அவளுக்கே உள்ளூரக் கொஞ்சம் கர்வம்தான்.

விளாத்திகுளத்துக்குத் தெற்கே, மிளகாய்க் காடுகளுக்கு நடுவில் இருக்கிற ஊர் அது. புதியம்புத்தூரிலிருந்து லிங்கராஜ் அண்ணாச்சி வாரம் ஒருமுறை வெட்டிய துணிகளை டெம்போவில் கொண்டுவந்து இறக்குவார். அவள் சின்னப் பிள்ளைகளின் சட்டைகளாகத் தைத்துக் கொடுப்பாள். பிரசவத்துக்குப் பிறகு ஒரு வருஷமாவது மிஷினைத் தொடாதே என்று கணவன் சுடலைமணி எவ்வளவோ சொன்னான். அவள் கேட்கவில்லை. காட்டுக்கும் வீட்டுக்குமாக அலைகிற அவனுக்கு, நாள் முழுக்க நாலு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதன் கஷ்டம் எப்படித் தெரியும்? மூன்றாம் மாதமே மிஷினில் உட்கார்ந்துவிட்டாள்.

மிஷின் இருந்தது வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில். கூரையைத் தாங்கும் இரும்புக் குழாயில் சேலைத் தொட்டில். ஓட ஓட மிஷின் இடம் நகர்ந்துகொண்டே போனதால், அதன் காலை, அந்தக் குழாயோடு சேர்த்துப் பற்றவைத்த தூணில் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தாள். தைக்கும்போது பாடுவாள். தாலாட்டு எதுவும் அவளுக்கு முழுசாகத் தெரியாது. கை எதைத் தைக்கிறதோ அதுவே பாட்டு. “காலர் தச்சு, கை தச்சு, பட்டன் வச்ச சட்டை யாருக்கு?” என்று இழுப்பாள். தூக்கி வைத்துக்கொண்டு பாடினால் பிள்ளை அவள் தொண்டையில் உள்ளங்கையைப் பதித்துக்கொள்வான். என்ன விளையாட்டோ அது, பிறந்ததிலிருந்து அந்தப் பழக்கம்.

அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்கு வாசலிலேயே சரவெடி வெடித்தார்கள். மற்ற பிள்ளைகளெல்லாம் வீறிட்டபோது இவன் மட்டும் தோளில் அசையாமல் தூங்கினான். மிஷின் சத்தத்தில் வளர்ந்த பிள்ளை, எதற்கும் பயப்பட மாட்டான் என்று எல்லோரும் மெச்சினார்கள். அவளும் திருஷ்டி சுற்றிப் போட்டாள்.

அம்மன் கொடை முடிந்த வாரத்தில் கிராம நர்ஸ் விஜி பிள்ளையின் எடை பார்க்க வந்தாள். கொட்டகை வாசலில் நின்று அவள் கேட்ட எதுவும் செல்விக்குக் கேட்கவில்லை. மிஷினை நிறுத்திய பிறகுதான் பேச முடிந்தது. விஜி கோபப்படவில்லை, ஆனால் விடவும் இல்லை. ஒரே மாதிரி வருகிற சத்தம் சில பிள்ளைகளைத் தூங்க வைக்கும், அதில் தப்பில்லை. பக்கத்து அறையில் யாரோ குளிக்கிற அளவுக்குத்தான் அது இருக்க வேண்டும். பிள்ளையிடமிருந்து ஏழெட்டு அடியாவது தள்ளி இருக்க வேண்டும். தூங்கியதும் அணைத்துவிட வேண்டும். தொட்டிலும் வேண்டாம், சமமான தரையில் பாய் போட்டு மல்லாக்கப் படுக்க வை, தலையணை வைக்காதே என்றாள்.

“பக்கத்துல நின்னு பேசுதது கேக்கலைன்னா, அந்தச் சத்தம் பிள்ளை காதுக்கு ரொம்ப அதிகம், செல்வி. அதை மட்டும் மறந்திராத.”

செல்வி சொன்னபடி கேட்கிற பெண்தான், புருஷன் சொன்னால் மட்டும்தான் மாட்டாள். அன்றைக்கே மிஷின் சத்தத்தைப் போனில் பதிவு செய்தாள். உள்வீட்டில் பாய் விரித்து, போனை எட்டடி தள்ளி அலமாரியில் வைத்து, மெல்ல ஒலிக்க விட்டாள். பிள்ளை தூங்கவில்லை. மறுநாளும் இல்லை. தொண்டை கம்மும்வரை அழுது, களைத்துக் கண்ணயர்ந்து, பத்து நிமிஷத்தில் மறுபடி எழுந்தான். இடம் மாறினால் அப்படித்தான், பழகிவிடும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். நாலாம் நாள் பகலில் பொறுமை போய்விட்டது.

மயில்கள் காட்டை மேய்ந்துவிடுகின்றன என்று, அவற்றை விரட்ட சுடலைமணி ஒரு ஸ்பீக்கர் வாங்கி வைத்திருந்தான். காடு அதிர அலறும் சாமான். செல்வி அதைப் பிள்ளையின் முதுகுப் பக்கம் வைத்து, போனை இணைத்து, சத்தத்தை முழுக்கத் திருப்பினாள். விஜி சொன்னதெல்லாம் அந்த நேரத்தில் நினைவில் இல்லை. அவன் தூங்கினால் போதும், அவ்வளவுதான்.

வீடே அதிர்ந்தது. வெளியே ஆடு கயிற்றை இழுத்துக்கொண்டு துள்ளியது. எதிர்வீட்டுச் சங்கரம்மாள் என்னமோ வெடித்துவிட்டது என்று ஓடிவந்து, வாசலிலேயே இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால், காட்டிலிருந்து சாப்பிட வந்த சுடலைமணி.

பிள்ளை திரும்பவில்லை. அழுகையை நிறுத்திவிட்டுத் தன் கால் கட்டைவிரலைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோக முயன்றுகொண்டிருந்தான். முதுகுக்குப் பின்னால் அத்தனை பெரிய சத்தம் இருப்பது அவனுக்குத் தெரியவே இல்லை.

சுடலைமணி உள்ளே வந்து ஸ்பீக்கரை அணைத்தான்.

“அவன் திரும்பலையே செல்வி,” என்றான்.

அவன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் திட்டவில்லை. சாப்பிடாமல் கொட்டகைக்குப் போய், தூணில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, மிஷினைச் சுவரோரம் தள்ளி, மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடினான். துணி எடுக்க வந்த லிங்கராஜ் அண்ணாச்சியிடம், இனிமேல் கட்டு இறக்க வேண்டாம் என்று அவனே சொல்லி அனுப்பினான். தெருக்காரர்கள் சும்மா இருப்பார்களா? மெச்சிய அதே வாய்கள்தான், பிள்ளை காதை மிஷின் தின்றுவிட்டது என்றன. செல்விக்கும் அதில் சந்தேகம் இல்லை. மூன்றாம் மாதத்திலிருந்து ஒவ்வொரு நாளும், தன் காலாலேயே மிதித்து மிதித்து, பெற்ற பிள்ளையின் காதைக் கெடுத்திருக்கிறாள். வேண்டாம் என்று சொன்னவன் பேச்சைக் கேட்கவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகாது.

விஜி மறுபடி வந்தபோது ஒன்றைக் கேட்டாள். பிறந்த உடனே ஆஸ்பத்திரியில் காது பார்த்தார்களா? கருவி பழுது, அடுத்த மாதம் வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அடுத்த மாதம் மிளகாய்ப் பழம் பறிப்பு. இருவரும் போகவில்லை. சுடலைமணி தலையைக் குனிந்துகொண்டான். கோவில்பட்டியில் காது சோதிக்கும் இடம் ஒன்றின் பெயரை எழுதிக் கொடுத்து விஜி சொன்னாள்: பிள்ளை தூங்கும்போதுதான் சோதனை செய்வார்கள். அறையில் ஒரு சத்தமும் இருக்கக் கூடாது. அதனால் காலையிலிருந்து தூங்கவிடாமல் கொண்டுபோங்கள்.

பஸ்ஸில் அது பெரும்பாடாகிவிட்டது. பின்சக்கரத்துக்கு மேலான சீட். கிளம்பிய ஐந்தாவது நிமிஷமே பிள்ளை தலையைச் சாய்த்தான். அவள் தண்ணீரைத் தொட்டு அவன் முகத்தில் வைத்து எழுப்பிக்கொண்டே வந்தாள். டிரைவர் ஏர்ஹாரனை அழுத்திக்கொண்டே வந்தார், அதற்கு அவன் இமை அசையவில்லை. எட்டயபுரத்தில் டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு டீ குடிக்க இறங்கினார். பிள்ளை சட்டென்று கண்ணைத் திறந்தான். டிரைவர் வந்து எஞ்சினைக் கிளப்பியதும் கண் மறுபடி செருகியது.

செல்வி முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துப் பார்த்தாள். கம்பி நடுங்கிக்கொண்டிருந்தது. சீட்டும் நடுங்கியது, அவள் மடியும் நடுங்கியது. தூணில் கட்டிய கயிறு நினைவுக்கு வந்தது. தூணோடு சேர்ந்த குழாய், குழாயில் தொங்கிய தொட்டில். அவன் தூங்கியது சத்தத்துக்கு இல்லை. பக்கத்தில் இருந்த கணவனுக்கு முகம் காட்டாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். உழுது போட்ட கரிசல் காடு பஸ்ஸோடு கூடவே வந்துகொண்டிருந்தது. உள்ளே ஒன்றுதான் ஓடியது: அந்தக் காது எப்போது போனது? நான் மிஷினில் உட்கார்ந்த பிறகா, முன்பா?

கோவில்பட்டியில் சோதனை செய்யும் உமாதேவி கெட்டித் திரை போட்ட சின்ன அறைக்குள் அழைத்துப் போனாள். கதவைச் சாத்தியதும் ரோட்டுச் சத்தம் முழுக்க நின்றுவிட்டது. வெளியே மூன்று தாய்மார் தூங்க மறுக்கும் பிள்ளைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். தூங்காவிட்டால் மருந்து கொடுக்கலாம் என்றாள் உமாதேவி. வேண்டாம் என்றாள் செல்வி. பிள்ளையின் கன்னத்தை நெஞ்செலும்போடு அணைத்து, வாயை மூடிக்கொண்டு, அடித்தொண்டையில் ம்ம்ம் என்று மிஷின் மாதிரி இழுத்தாள். அவன் வழக்கம்போல் அவள் தொண்டையில் கையை வைத்தான். இரண்டு நிமிஷத்தில் தூங்கிப்போனான். இவ்வளவு சீக்கிரம் தூங்கும் பிள்ளையைப் பார்த்ததில்லை என்றாள் உமாதேவி. முன்பென்றால் செல்விக்குப் பெருமையாக இருந்திருக்கும்.

பிள்ளையைக் கட்டிலில் கிடத்தி, நெற்றியிலும் காதுகளுக்குப் பின்னாலும் ஒயர்களை ஒட்டினார்கள். ஒரு மணி நேரம். பிறகு உமாதேவி இருவரையும் உட்காரச் சொன்னாள். இரண்டு காதுமே கேட்கவில்லை என்றாள். முதலில் காது மிஷின் போட்டுப் பார்க்க வேண்டும். அதிலும் கேட்காவிட்டால் உள்ளே கருவி வைக்கிற ஆபரேஷன், அரசாங்கக் காப்பீட்டில் செய்வார்கள். பிள்ளை சின்னவன், பேச்சு வந்துவிடும், நாளைக் கடத்தக் கூடாது என்று நிதானமாக விளக்கினாள். செல்வி எதையும் மனசில் வாங்கிக்கொள்ளவில்லை. அவள் கொண்டுவந்தது ஒரே ஒரு கேள்வி.

“என் தையல் மிஷினாலயா டாக்டர்?”

“இல்லம்மா. வீட்டுல ஓடுற மிஷின் இந்த அளவுக்குச் செய்யாது. இது பிறக்கும்போதே இருந்தது. உங்க மிஷின் சத்தம் ஒரு நாள்கூட அவனுக்குக் கேட்டிருக்காது.”

சுடலைமணி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் வந்தது. “உன்மேல தப்பில்லட்டி,” என்றான். “நான்தான் வாயைத் திறக்காம உன்னைக் கொன்னுட்டேன். வீட்டுக்குப் போனதும் மிஷினைப் பழைய இடத்துலயே எடுத்துப் போடுதேன்.”

நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ தூக்கிவிட்டார்கள். செல்வி ஒரு நீண்ட மூச்சு விட்டாள். அந்த மூச்சு முடிவதற்குள் அடுத்தது வந்து உட்கார்ந்தது. மிஷின் கேட்கவில்லை என்றால்?

“அப்போ நான் பாடுனது?” என்றாள்.

உமாதேவி நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டாள். “அதுவும் கேட்டிருக்காதும்மா,” என்றாள்.

காலர், கை, பட்டன். எத்தனை சட்டை தைத்தாளோ அத்தனை பாட்டு. ஒன்றுகூடவா போய்ச் சேரவில்லை? பழி தீர்ந்த அந்த அறையிலேயே அவளுக்குத் தாங்க முடியாத துக்கம் வந்தது. அழாமல், கட்டிலில் விழித்துக் கிடந்த பிள்ளையை எடுத்துத் தோளில் போட்டாள். இன்னும் ஒட்டியிருந்த ஒயர்களை உமாதேவி ஒவ்வொன்றாக எடுத்தாள்.

பிள்ளை அவள் தொண்டையில் உள்ளங்கையைப் பதித்தான். ஒன்றும் வரவில்லை. அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு அதே இடத்தில் இரண்டு தட்டுத் தட்டினான்.

செல்வி அந்தக் கையைப் பார்த்தாள். பத்து மாதமாக அது எதற்கு அங்கே வருகிறது என்று இப்போதுதான் தெரிந்தது. போய்ச் சேர்ந்திருக்கிறது. காது வழியாக இல்லை, அவ்வளவுதான்.

“காலர் தச்சு,” என்று தொடங்கினாள். குரல் உடைந்தது. அவனுக்கு அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான்.