துணைக்கு ஒரு கையெழுத்து

நர்ஸம்மா மூன்றாவது தடவையாக அந்த மூன்று மாடியையும் ஏறி வந்திருந்தாள். முழங்கால் கெஞ்சியது. ஆனாலும் அந்த ரிடையர்டு பஸ் டிரைவரை அப்படியே விட்டுவிட அவளுக்கு மனசு வரவில்லை.

மறதி பற்றிய ஓர் ஆராய்ச்சிக்கு அறுபதைத் தாண்டியவர்களைச் சேர்ப்பது அவள் வேலை. ஐந்து வருஷம், வருஷத்துக்கு ஒரு பரிசோதனை. எல்லாத் தரப்பு ஆட்களும் வேண்டும் என்று மேலிடம் பக்கம் பக்கமாக எழுதியிருந்தது. கூடவே ஒரு விதி: வாரம் இரண்டு முறையாவது பார்த்துப் பழகுகிற ஒருவர் துணை ஆளாகக் கையெழுத்துப் போட வேண்டும். பெரிய வீடுகளில் மகனும் மருமகளும் போட்டி போட்டுக்கொண்டு போட்டார்கள். ஒண்டிக்கட்டைகள் எல்லாம் இந்த ஒரே வரியில் கழிந்து போனார்கள். விதி எழுதின புண்ணியவான் ஒருநாளும் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டிருக்க மாட்டான்.

டிரைவரும் ஒண்டிக்கட்டைதான்; மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளை குட்டி கிடையாது. டிரைவர் முதல் நாளே மனம் விட்டுச் சொல்லியிருந்தார்.

"முப்பது வருஷம் ஓட்டின ரூட்டும்மா. போன மாசம் அதே பஸ்ல ஏறி, எங்க இறங்கணும்னு தெரியாம முழிச்சேன். இது முத்திப் போச்சுன்னா எனக்கு எப்படித் தெரியும்? சொல்றதுக்கு ஆளா இருக்கு?"

"எதிர்வீட்டுல யாரு?" என்று இன்றைக்குக் கேட்டாள் நர்ஸம்மா.

"ஐயோ, அந்த டெய்லரம்மாவா? நான் படி இறங்கினா போதும், கத்த ஆரம்பிச்சுடும். நான் காதுலயே வாங்கறதில்ல."

நர்ஸம்மா எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். கழுத்தில் டேப்போடு வந்து நின்ற டெய்லரம்மாவின் தாய்மொழி வேறு. இரண்டு மொழியிலும் வஞ்சனையில்லாமல் திட்டுவாள் என்று மாடி முழுக்கப் பேர்.

"அவருக்கு நானா? சண்டைக்காரி கையெழுத்து செல்லுமா?"

"அவரை நல்லாத் தெரிஞ்சாப் போதும். கதவைச் சாத்திட்டுப் பேசலாமா? அவர் காதுல விழும்."

"விழட்டும்."

இந்த ஒரு வருஷத்தில் அவரிடம் ஏதாவது மாற்றம் தெரிகிறதா என்பதுதான் முதல் கேள்வி. டெய்லரம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"மழை ஆரம்பிச்சதுலேர்ந்தே தெரியுது. பூட்டிட்டு நாலு தடவை திரும்பி வருவாரு. ரெண்டு தடவை அவர் போனப்புறம் கருகற வாசனை வந்துச்சு, உள்ள அடுப்பு எரிஞ்சுகிட்டே இருந்துச்சு. வாட்ச்மேன் கிட்ட மாத்துச் சாவி வாங்கித் திறந்து அணைச்சேன். அதுலேர்ந்து அவர் இறங்கற நேரத்துக்குக் கதவைத் திறந்து வெச்சுக்கிட்டுத்தான் தைக்கறேன். 'அடுப்பு, சாவி'ன்னு கத்தினா மூஞ்சியத் திருப்பிக்குவாரு. ஆனா கை பாக்கெட்டைத் தொட்டுப் பார்க்கும். எனக்கு அது போதும்."

நர்ஸம்மா திரும்பிப் பார்த்தாள். எதிர்வாசலில் டிரைவர் வெளிறிப் போய் நின்றிருந்தார்.

"அடுப்பு எரிஞ்சதா? ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"தினம் கத்திக்கிட்டுத்தானே இருக்கேன்!"

படிவத்தில் உறவு என்ற இடத்தில் 'எதிர்வீடு' என்று எழுதினாள் நர்ஸம்மா. டெய்லரம்மா தன் மொழியில் கையெழுத்துப் போட்டாள்.

வழியனுப்ப டிரைவரும் கூட இறங்கினார். நாலு படி தாண்டியதும் மேலிருந்து குரல் வந்தது.

"டிரைவரே, அடுப்பு!"

"அணைச்சாச்சு!"

பதில் சொல்லிவிட்டாரே தவிர, கால் நகரவில்லை. கை பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தது. பிறகு சாவியை எடுத்துக்கொண்டு அந்த நாலு படியும் திரும்ப ஏறினார்.

"எதுக்கும் நீ ஒரு தடவை பார்த்துடும்மா" என்று சாவியை டெய்லரம்மா கையில் கொடுத்தார்.