நூல் கடையில் மாட்டிக்கொண்ட ராணி

எங்கள் ஊர் லிண்டன்ரோடேயில் கடை வைத்திருப்பவர்கள் யாருக்காகக் கடை திறக்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. காலை ஒன்பதரைக்குத் திறந்து, பன்னிரண்டரைக்குப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போவார்கள். இரண்டரைக்குத் திறந்து ஆறு மணிக்குப் பூட்டுவார்கள். புதன் மதியம் கிடையாது. சனிக்கிழமை ஒரு மணிவரை. ஞாயிற்றுக்கிழமை கடையைத் திறப்பது என்றால் ஜெர்மனி முழுக்கவே கொலைக்குற்றம் மாதிரிதான் பார்ப்பார்கள். நான் காலை ஏழு பத்து ரயிலில் பக்கத்து நகரத்துக்கு வேலைக்குப் போய், மாலை ஆறு இருபதுக்கு வந்து இறங்குகிறவள். இருபது வருஷமாக எங்கள் ஊர்க் கடைகளின் பூட்டிய கதவுகளைத்தான் பார்த்திருக்கிறேன். நல்ல கதவுகள், குறை சொல்ல முடியாது.

ஜூன் மாதம் என் தேனீப் பெட்டியில் ராணி செத்துப்போனது. எனக்கிருப்பது தோட்டத்து மூலையில் ஒரே ஒரு பெட்டி. ராணி இல்லாவிட்டால் முட்டை இல்லை, முட்டை இல்லாவிட்டால் அத்தனை ஆயிரம் தேனீயும் ஒவ்வொன்றாகச் செத்து, பெட்டி காலியாகிவிடும். அழுகை அழுகையாக வந்தது. தெற்கே ஒரு வளர்ப்பாளரிடம் புது ராணிக்குச் சொல்லி அனுப்பினேன். சின்னக் கூண்டில், கூட நாலைந்து தோழித் தேனீக்களோடு, தின்னச் சர்க்கரை மாவும் வைத்துப் பார்சலில் அனுப்புவார்கள். "அஞ்சாறு நாள் தாங்கும்மா, அதுக்கு மேல என் கையில இல்ல" என்று சொல்லிவிட்டார் அவர். ஆபீஸ் முகவரிக்கு வரவழைத்திருக்கலாம். ஆனால் பணியாளர்கள் உயிருள்ள பூச்சிகளை அலுவலகத்துக்கு வரவழைக்கக் கூடாது என்று எங்கள் மேலாளர் போன வருஷமே சுற்றறிக்கை விட்டிருந்தார். காரணம் நான்தான்.

செவ்வாய்க்கிழமை மாலை வீட்டுக்கு வந்தால் கதவில் சீட்டு ஒட்டியிருந்தது. உங்களைச் சந்திக்க முடியவில்லை, உங்கள் பார்சல் ரோஸ்வித்தா கம்பளி நூல் கடையில் இருக்கிறது, கடை நேரத்தில் பெற்றுக்கொள்ளவும். வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் இல்லாததால் அவர்கள் பார்சலை, அவர்கள் வேலையில் இருக்கும்போது மட்டும் திறந்திருக்கும் கடையில் கொடுத்து வைக்கிறார்கள். இதை யோசித்துக் கண்டுபிடித்தவர் யாரோ, அவருக்குச் சிலை வைக்க வேண்டும்.

ரோஸ்வித்தா எனக்குப் புதியவள் இல்லை. ஊர்ப் பாட்டுக்குழுவில் பன்னிரண்டு வருஷமாக என் இடதுபக்கம் நின்று பாடுகிறவள். அன்றைக்கே ஏழரை மணிக்குப் பாட்டுக்குழு இருந்தது. கோட்டைக்கூடக் கழற்றாமல் அவளைப் பிடித்தேன்.

"ரோஸ்வித்தா, என் பார்சல் உன் கடையில இருக்காம். ரெண்டு நிமிஷம் வந்து எடுத்துக் குடுத்துடேன். உள்ள உயிர் இருக்குடீ."

"தெரியும், வெளியவே எழுதியிருக்கு. நாளைக்குக் கடை நேரத்துல வா."

"கடை நேரத்துல நான் எங்கடீ வர்றது? உன் வீடு கடைக்கு மாடியிலதானே இருக்கு? சாவி உன் பையிலதானே இருக்கு?"

"சாவி இருக்கு. பார்சலை ஸ்கேன் பண்ற மெஷின் கடையில இருக்கு. அதைக் கைப்பையில வச்சுக்கிட்டா சுத்துறேன்?" என்று சொல்லிவிட்டு, நோட்டைத் திறந்து தொண்டையைச் செருமினாள். அன்று முழுக்க நான் சுருதி தப்பித்தான் பாடினேன். வேண்டுமென்றே.

புதன் காலை விடுப்பு கிடைக்கவில்லை. மதியம் கடை இல்லை. சனிக்கிழமை வரை ராணி தாங்காது. வியாழக்கிழமைக்கு மன்றாடி ஒருநாள் விடுப்பு வாங்கினேன். என் வாழ்க்கையில் நூல் கடைக்குப் போவதற்காக விடுப்பு எடுத்தது அதுவே முதல் தடவை. ஒன்பது இருபதுக்கே போய்க் கதவு முன்னால் நின்றேன். ஒன்பதரை ஆனது. ஒன்பது முப்பத்தைந்து ஆனது. அப்புறம்தான் கண்ணாடியில் ஒட்டியிருந்த தாள் கண்ணில் பட்டது.

இன்று காலை ஊர்க் கடைகள் அனைத்தும் மூடப்பட்டிருக்கும். வணிகர் சங்கக் கூட்டம். பொருள்: உழைக்கும் மக்களுக்கு ஏற்ற கடை நேரம். அனைவரும் வருக.

நான் அதை இரண்டு தடவை படித்தேன். பக்கத்து ரொட்டிக் கடையிலும் அதே தாள். எதிரே பூக்கடையிலும் அதே தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தாளைக் கிழித்துத் தின்றிருப்பேன்.

கூட்டம் தீயணைப்பு நிலையத்து மாடியில். படியேறிக் கதவைத் தள்ளினால், பதினேழு கடைக்காரர்கள் காபியும் பிளம்ஸ் கேக்குமாக உட்கார்ந்திருந்தார்கள். எதிரே பொதுமக்களுக்கென்று அறுபது நாற்காலி போட்டிருந்தார்கள். அறுபதும் காலி. சங்கத் தலைவர் ஹார்ட்முட், இரும்புச் சாமான் கடைக்காரர், என்னைப் பார்த்ததும் எழுந்தேவிட்டார்.

"வந்துட்டாங்க! உழைக்கும் மக்கள் வந்துட்டாங்க!"

எல்லாரும் கை தட்டினார்கள். யாரோ என் சட்டையில் 'பொதுமக்கள்' என்று ஓர் அட்டையைக் குத்திவிட்டார்கள். யாரோ கையில் கேக்கைத் திணித்தார்கள்.

"தலைவரே, வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம் வச்சா வேலைக்குப் போறவங்க எப்படி வருவாங்க?"

"அதான் நீங்க வந்திருக்கீங்களே அம்மணி! சாயங்காலம் வைக்கலாம்னுதான் முதல்ல நெனச்சோம். கடைக்காரங்களும் நாள் முழுக்க உழைச்சவங்க இல்லையா, ஆறு மணிக்கு மேல யாரு வருவா?"

"எனக்கு என் பார்சல் வேணும்."

"கோரிக்கை ஒண்ணு, பார்சல்" என்று ஹார்ட்முட் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். "உங்க கோரிக்கையை விவாதிக்கறதுக்கு முன்னாடி போன கூட்டத்து நடவடிக்கையை வாசிச்சு முடிச்சுடலாமா?"

இரண்டாவது வரிசையில் ரோஸ்வித்தா உட்கார்ந்து காலுறை பின்னிக்கொண்டிருந்தாள். நான் நேரே அவளிடம் போனேன். "எப்ப கடை திறப்ப?"

"கூட்டம் பன்னெண்டரைக்கு முடியும்."

"அப்போ பன்னெண்டரைக்கு?"

"பன்னெண்டரைக்குச் சாப்பாட்டு நேரம். ரெண்டரைக்கு வா."

அதோடு என் பொறுமை போயே போய்விட்டது. அறுபது நாற்காலியின் சார்பாகவும் கத்தினேன். "உங்களுக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு இருக்கா? ஒரு உயிர் அங்க டப்பாக்குள்ள கெடந்து சாகுது, நீ சாப்பாட்டு நேரம்ங்கற! உலகத்துல இருக்கறவன் எல்லாம் உன் மணியைப் பார்த்துத்தான் பொழைக்கணுமா? கதவைத் தொறந்து ஒரு டப்பாவை எடுத்துக் குடுக்க என்னடீ கஷ்டம்?"

ரோஸ்வித்தா பின்னல் ஊசியைக் கீழே வைத்தாள். மெதுவாக வைத்தாள். அதிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"இர்மேலா, நீ எங்க வேலை பாக்கற?"

"தெரியாத மாதிரி கேக்கற. பாஸ்போர்ட் ஆபீஸ்ல."

"உங்க ஆபீஸ் எத்தனை மணிக்குத் தொறக்கும்?"

"ஒன்பதுலேருந்து பன்னெண்டு. ரெண்டுலேருந்து நாலு." சொல்லும்போதே என் குரல் கொஞ்சம் இறங்கியது. "புதன்கிழமை கிடையாது."

"நான் எப்ப வருவேன்? நீயே சொல்லு. தனி ஆளா கடை நடத்துறவ நான். என் பொண்ணு கனடாவுல இருக்கா. பேரன் பொறந்து பதினோரு மாசம் ஆச்சு. போன்லதான் பாக்கறேன். போன்ல அவனைத் தூக்க முடியுமா? என் பாஸ்போர்ட் காலாவதியாகி ரெண்டு வருஷம். மார்ச் மாசம் பாட்டுக்குழுவுல உன்கிட்ட வந்து கெஞ்சினேன். ஒருநாள் சாயங்காலம் கொஞ்ச நேரம் தொறந்து வைக்க முடியுமான்னு கேட்டேன். என்ன சொன்ன, ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஞாபகம் வந்தது. வராமலே இருந்திருக்கலாம். கைரேகை எடுக்கிற மெஷினைக் கைப்பையில் வைத்துக்கொண்டா சுத்துகிறேன் என்று கேட்டிருந்தேன். சொல்லிவிட்டு, நன்றாகச் சொன்னோம் என்று எனக்குள் சிரித்துக்கொண்டதும் ஞாபகம் வந்தது.

பதினேழு கடைக்காரர்களும் கேக்கை வாயருகே வைத்தபடி என்னையே பார்த்தார்கள். ஹார்ட்முட் மட்டும், "இதையும் குறிப்புல ஏத்தணுமா?" என்று கேட்டார். அட்டை குத்தியிருந்த என் சட்டைக்குள் எனக்கு வேர்த்துக் கொட்டியது.

"நாளைக்கு வா" என்றேன். "கடையைச் சாத்திட்டு ஒண்ணு இருபது ரயில்ல வா. எங்க சாப்பாட்டு நேரம் ரெண்டு மணிக்குத்தான் முடியும். நான் அதுக்கு முன்னாடியே உனக்காகக் கதவைத் தொறக்கறேன். நீ ரெண்டரைக்குத் திரும்ப முடியாது, அரை மணி லேட்டாகும். பரவாயில்லையா?"

ரோஸ்வித்தா நூலைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தாள். "வா" என்றாள்.

கடைக்குப் போவோம் என்று நினைத்தேன். அவள் கடையைத் தாண்டி, மாடிப்படி ஏறி, நேரே தன் சமையலறைக்குக் கூட்டிப்போனாள். ஜன்னலோரம், வெயில் படாத மூலையில், ஆட்டுக் கம்பளி மேல் என் ராணியின் கூண்டு இருந்தது. பக்கத்தில் ஒரு கரண்டி, ஒரு கிண்ணம் தண்ணீர்.

"செவ்வாய்க்கிழமையிலேருந்து இங்கதான் இருக்கு. காலைல ஒரு சொட்டு, மத்தியானம் ஒரு சொட்டு, ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி ஒரு சொட்டு வச்சேன். அது குடிக்கறதைப் பாக்கணுமே நீ, எவ்வளவு மரியாதையா குடிக்குது!" என்றாள். குனிந்து பார்த்தேன். ராணி உயிரோடு, கொழுகொழுவென்று, தோழிகள் சூழ நடந்துகொண்டிருந்தாள். ரோஸ்வித்தாவைக் கட்டிக்கொண்டேன். கட்டிக்கொண்டபடியே கீழே கடைக்குப் போய், அவள் ஸ்கேன் பண்ண, நான் கையெழுத்துப் போட்டேன். அதை மட்டும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

அன்று மாலையே ராணியைப் பெட்டிக்குள் வைத்தேன். தேனீக்கள் இரண்டு நாள் முறைத்துக்கொண்டு இருந்துவிட்டு, அப்புறம் ஏற்றுக்கொண்டன. கூட்டத்தில் என்ன முடிவானது என்று ஹார்ட்முட்டிடம் கேட்டேன். தற்போதைய நேரமே உழைக்கும் மக்களுக்கு ஏற்றது, ஆட்சேபித்த ஒரே நபரும் பாதியில் எழுந்து போய்விட்டார் என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்களாம்.

வெள்ளிக்கிழமை ரோஸ்வித்தா வந்தாள். கையில் பாதி கடித்த ரொட்டியோடு நான் கதவைத் திறந்தேன். கூட வேலை பார்க்கிற ஒருத்தி, நான் ஆபீஸுக்கு நெருப்பு வைக்கிறேன் என்பதுபோல் என்னைப் பார்த்தாள். கைரேகை எடுத்தேன், போட்டோ எடுத்தேன், பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. இத்தனை வருஷமாக இதற்கா இவ்வளவு பூட்டு என்று எனக்கே வெட்கமாக இருந்தது. பாஸ்போர்ட்டை வாங்க அவள் மறுபடி கடையைச் சாத்திவிட்டு அலைய வேண்டாமே என்று, நானாகவே விண்ணப்பத்தில் 'வீட்டுக்கு அனுப்பவும்' என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

ஐந்து வாரம் கழித்து ஒரு மாலை, ஆறு பத்துக்குப் போன் வந்தது. நான் அப்போது இன்னும் ரயிலில் இருந்தேன். இருபது வருஷமாக ஆறு பத்துக்கு நான் அங்கேதான் இருப்பேன். மறுமுனையில் ரோஸ்வித்தா அழுதுகொண்டிருந்தாள்.

"இர்மேலா, பாஸ்போர்ட் வந்துடுச்சு!"

"அதுக்கு ஏண்டீ அழற? கையில வச்சுப் பாரு, போட்டோ நல்லா வந்திருக்கா?"

"கையில இல்ல. நான் வீட்டுல இல்லைன்னு தபால்காரர் மாடிக் கதவுல சீட்டு ஒட்டிட்டுப் போயிருக்காரு. பார்சலை என் கடையிலயே குடுத்திருக்காரு. ஆறு மணிக்கு வந்த கட்டுல ஒண்ணா வாங்கி அலமாரியில போட்டுட்டேன், பேரைப் பாக்கல."

"சரி, கீழே எறங்கிப் போய் எடுத்துக்கோ!"

அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"மணி ஆறு தாண்டிடுச்சே, இர்மேலா" என்றாள். "நாளைக்குக் காலைல ஒன்பதரைக்கு வரிசையில நான்தான் முதல் ஆளு."