இந்த வண்டி நகராது

கால்வெஸ்டன் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் காரோடு மாட்டிக்கொண்டவளுக்கு எந்த ஜெபமும் பொறுமை தராது. ஜெபித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். காலையிலிருந்து எனக்கு முன்னால் அதே வெள்ளை வேன், அதன் பின்கண்ணாடியில் அதே நாய்ப் படம். மகள் கல்யாணத்துக்கென்று வாங்கிய ஊதாத் தொப்பி கார்க் கூரையில் இடித்து நசுங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து இருக்கையில் ஆல்டன் மூக்கில் ஆக்சிஜன் குழாயும், காலிடுக்கில் சிலிண்டரும், மடியில் துடைப்பமுமாக உட்கார்ந்திருந்தான்.

துடைப்பம் வேடிக்கைக்கு இல்லை. எங்கள் கறுப்பின ஆட்களுக்குப் பாஸ்டர் ஆசீர்வதித்தால் மட்டும் போதாது, பெண்ணும் மாப்பிள்ளையும் கைகோத்துத் துடைப்பத்தைத் தாண்ட வேண்டும். அப்போதுதான் கல்யாணம் முடிந்தது என்று கிழவிகள் ஒப்புக்கொள்வார்கள். ஆல்டன் இந்தத் துடைப்பத்துக்கு வெள்ளை ரிப்பன் சுற்றி, பிடியில் சோழி கட்டி, யாரையும் தொட விடாமல் வைத்திருந்தான்.

ஆல்டன் ஒரு காலத்தில் என் புருஷன். எண்ணெய் ஆலையில் உழைத்து நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவன். கூட வேலை செய்தவர்களெல்லாம் ஆலை மேல் வழக்குப் போட்டபோது இவன் மட்டும், "விடு வெர்லீன்" என்றான். பக்கத்து வீட்டுக்காரன் வேலியை எங்கள் நிலத்துக்குள் நகர்த்தியபோதும், "விடு வெர்லீன்." இவனோடு சேர்ந்து எல்லாவற்றையும் விட்டுக்கொண்டிருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று, கடைசியில் இவனையே விட்டுவிட்டேன். அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்தால் சண்டை போட்டாவது வாழ்ந்திருக்கலாம்.

கல்யாணம் கப்பலில்தான் என்று மாப்பிள்ளை டெஸ்மண்டின் வீட்டார் ஒற்றைக்காலில் நின்றார்கள். ஏழு நாள் கடற்பயணத்துக்கு ஆல்டனை அனுப்ப டாக்டர் ஒப்பவில்லை. என் மகள் ஷவோன் அழுது அழுது ஒரு வழி கண்டுபிடித்தாள். கப்பல் கரையில் நிற்கும்போதே உள்ளே இருக்கிற மண்டபத்தில் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம். பயணம் வராத விருந்தாளிகள் ஏறிப் பார்த்துவிட்டுக் கிளம்புவதற்கு முன்னால் இறங்கிவிடலாம். அப்படித்தான் பேசி முடித்தோம். மற்றவர்கள் விடியற்காலையிலேயே பஸ்ஸில் வந்து துறைமுகக் கட்டடத்துக்குள் போய்விட்டார்கள். ஆல்டனுக்கு இருக்கையைச் சாய்த்து உட்கார வேண்டும் என்பதால் நான் என் காரில் அழைத்து வந்தேன். என் கார் ஒரு வாரம் இங்கேயே நிற்கும். கல்யாணம் முடிந்ததும் ஆல்டனை அவன் தம்பி ரோஸ்கோ வந்து வீட்டுக்குக் கூட்டிப்போவான். எல்லாம் கச்சிதமான ஏற்பாடு.

அதில்தான் மூடுபனி விழுந்தது. காலையில் கரை சேர வேண்டிய கப்பல், வழி தெரியாமல் வெளியே கடலில் மணிக்கணக்காக நின்றுவிட்டு மதியம்தான் வந்தது. சரி, பனி ஆண்டவர் அனுப்பியது. ஆண்டவரை நான் திட்டவில்லை.

கார் நிறுத்துமிட வாசலில் மஞ்சள் சட்டை போட்ட ஒருவன் நின்றிருந்தான். நான் சீட்டை நீட்டினேன். அவன் அதைப் பார்க்கக்கூட இல்லை.

"ஃபுல் ஆயிடுச்சு. அப்படியே போயிட்டே இருங்க."

"ஃபுல்லா? நான் மூணு மாசம் முன்னாடியே பணம் கட்டி வெச்ச எடம்யா இது!"

"போன வாரம் போனவங்க காரெல்லாம் இன்னும் உள்ளதான் நிக்குது. கப்பல் லேட்டு. அவங்க எறங்கி வந்து எடுத்தாதானே உங்களுக்கு எடம்?"

"அவங்க காரு போகாதுன்னு தெரியுதில்ல? அப்புறம் எதுக்கு எங்கள எல்லாம் வரிசையில நிக்க வெச்சே? அழகு பாக்கவா?"

"மேடம், பின்னாடி ஹாரன் அடிக்கறாங்க."

"அடிக்கட்டும். அவங்களும் காசு கட்டினவங்கதான். என் காதுல அடிக்காம உன் காதுலயா அடிப்பாங்க?"

"விடு வெர்லீன்" என்றான் ஆல்டன்.

எனக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறப்பதற்குள் செல்போன் அடித்தது. கப்பலில் கல்யாண ஏற்பாடுகளைப் பார்க்கிற கிம்பர்லி. அந்தப் பெண் கெட்ட செய்தி சொல்லும்போதுதான் குரலில் தேன் அதிகமாக வழியும்.

"மேடம், கப்பல் லேட்டா வந்ததால இன்னிக்கு விசிட்டர்ஸ் யாரையும் உள்ள விடறதில்லன்னு முடிவு பண்ணிட்டாங்க. பயணம் போறவங்க மட்டும்தான். ஆனா கவலைப்படாதீங்க, கல்யாணத்த நாளைக்கு நடுக்கடல்ல வெச்சுக்கலாம். ஷாம்பெய்ன் எங்க செலவு."

"பொண்ணோட அப்பா அவரு."

"புரியுது மேடம்."

"என்னத்த புரியுது? அவருக்காகத்தான் கல்யாணத்தையே கரையில வெச்சோம். பாஸ்டர் கிளாராவும் விசிட்டர்தான். பாஸ்டரையும் ஏத்த மாட்டீங்க, அப்பனையும் ஏத்த மாட்டீங்க. கல்யாணத்த யாரு பண்ணி வைப்பா, உங்க சமையக்காரனா?"

"கேப்டன் பண்ணி வைப்பாரு மேடம். அழகா பண்ணுவாரு. வீடியோ எடுத்துக் குடுப்போம்."

வீடியோவாம். பெற்ற அப்பன் மூச்சை எண்ணிக்கொண்டு கரையில் உட்கார்ந்திருப்பான், அவனுக்கு ஒரு வீடியோ. நான் என்ன சொல்லிப் போனை வைத்தேன் என்பதை இங்கே எழுதினால் என்னைச் சபையில் சேர்க்க மாட்டார்கள்.

ஆல்டன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். துடைப்பத்தின் ரிப்பனை ஒருமுறை நீவிவிட்டான். அவ்வளவுதான்.

மறுபடி போன் அடித்தது. இந்த முறை ஷவோன்.

"அம்மா, துடைப்பம் எங்க?"

"உங்கப்பா மடியில இருக்கு."

"அப்பா எங்க?"

"நடு ரோட்டுல."

பின்னால் யாரோ பேர் கூப்பிடுகிற ஒலிபெருக்கிச் சத்தம் மட்டும் கேட்டது. "அவங்க சொன்னது நெஜம்தானா? அப்பாவ விட மாட்டாங்களா? போன அப்பாகிட்ட குடும்மா."

கொடுத்தேன். ஆல்டன் போனைக் காதில் வைத்துக்கொண்டு சிரித்தான். பாவி, சிரித்தான்.

"கண்ணு, நீ கப்பல்லயே பண்ணிக்கம்மா. அப்பா வீடியோவுல பாத்துக்கறேன். டெஸ்மண்ட் வீட்டுக்காரங்க மனசு நோக வேணாம். எல்லாரும் எவ்வளவு செலவு பண்ணி வந்திருக்காங்க. விடும்மா..."

நான் போனைப் பிடுங்கினேன்.

"இந்தா பாரு ஷவோன், இந்த மனுசன் பேச்சக் கேக்காத. இவரு பேச்சக் கேட்டு இவருக்கே ஒரு நன்மையும் நடக்கல. உங்கப்பா உன் கல்யாணத்த பாக்கணும்னா வெளிய வா. வேணாம்னா ஏறிப் போ. ரெண்டுல ஒண்ணு இப்பவே சொல்லு."

"கத்தாதம்மா. நான் ஏற்கெனவே வாசல்ல நிக்கறேன். எந்தப் பக்கம் வரணும்னு மட்டும் சொல்லு."

என் வயிற்றில் பாலை வார்த்தாள்.

கொஞ்ச நேரத்தில் கட்டடத்துக்குள்ளிருந்து எங்கள் கூட்டம் மொத்தமும் கார் வரிசை ஓரமாக நடந்து வந்தது. எல்லாரும் ஒரே மாதிரி மஞ்சள் பனியன், நெஞ்சில் டெஸ்மண்ட், ஷவோன் பெயர். நடுவில் கல்யாண உடையின் வாலைக் கக்கத்தில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, காலில் ரப்பர் செருப்போடு என் மகள். மாப்பிள்ளை பின்னாலேயே அவள் ஹீல்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். மாப்பிள்ளையின் அம்மா முகத்தை மட்டும் சொல்கிறேன், ஊறுகாயைக் கடித்த மாதிரி இருந்தது. ஆனாலும் வந்தாள். அதற்காக அவளை மன்னித்தேன்.

எதிர்த் திசையிலிருந்து பாஸ்டர் கிளாரா அங்கியும் பைபிளுமாக வேர்த்து விறுவிறுத்து வந்தாள். அவள் உள்ளூர்க்காரி. காரை எங்கேயோ தெருவில் போட்டுவிட்டு நடந்தே வந்திருக்கிறாள்.

"எங்க வெச்சுக்கலாம் வெர்லீன்?"

"இங்கதான். இவரால நடக்க முடியாது. கல்யாணம் இவருகிட்ட வரட்டும்."

ஆல்டன் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டோம். அவன் உட்கார்ந்தபடியே மகள் கையைப் பிடித்து டெஸ்மண்ட் கையில் வைத்தான். கிளாரா ஆரம்பித்தாள். வாசலில் நின்ற மஞ்சள் சட்டைக்காரன் ஓடி வந்தான்.

"யோவ், என்ன கூத்து இது? வழிய விடுங்க! போலீசக் கூப்பிடுவேன்!"

நான் ஆல்டன் மடியிலிருந்து துடைப்பத்தை எடுத்தேன்.

"கூப்பிடு. போலீசும் இதே வரிசையிலதான் வரணும். அதுவரைக்கும் ஒரு அடி இந்தப் பக்கம் வெச்சே, விளக்கமாறு பிஞ்சிடும்."

அவன் சோழியைப் பார்த்தான், ரிப்பனைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், பின்வாங்கினான். வெள்ளை வேன்காரர்கள் இறங்கி வந்து பின்னால் நின்றார்கள். யாரோ ஹாரனை நிறுத்தினார்கள். இன்னும் சிலர் நிறுத்தவில்லை, அவர்களுக்கும் நல்ல கதி கிடைக்கட்டும். கிளாரா அந்தச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி ஆசீர்வாதம் சொன்னாள். துடைப்பத்தை நான் தார் ரோட்டில் கிடத்தினேன். டெஸ்மண்டும் ஷவோனும் கைகோத்துத் தாண்டினார்கள். ஒரு ரப்பர் செருப்பு பறந்து போய் வேனுக்கு அடியில் விழுந்தது. கூட்டம் ஓவென்று கூவியது. ஆல்டன் அழுதான். மூச்சுத் திணறுமளவு அழுதான். குழாயைச் சரி செய்துவிட்டு நானும் கொஞ்சம் அழுதேன்.

அப்புறம் எல்லாரையும் விரட்டினேன். இன்னும் சற்று நேரத்தில் கப்பல் கதவை மூடிவிடுவார்கள்.

"நீ வரலியாம்மா?"

"வண்டிய எங்கயாச்சும் போட்டுட்டு வரேன். நீ ஓடு."

பொய்தான். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் ரோஸ்கோ போன் செய்திருந்தான். பனியில் பாலத்தின் மேல் கார்கள் ஒன்றோடொன்று மோதியதால், கால்வெஸ்டன் தீவுக்குள் வருகிற பாதையை அடைத்துவிட்டார்கள். ராத்திரிக்கு முன்னால் அவனால் வர முடியாது. வெளியே போகிற பக்கம் மட்டும்தான் திறந்திருக்கிறது. ஆல்டனிடம் இருந்தது மாற்று சிலிண்டர் ஒன்றே ஒன்று, மற்றதெல்லாம் வீட்டில். மஞ்சள் சட்டைக்காரன் அவனைத் தன் தகரக் கொட்டகையில் உட்கார வைத்துவிட்டுப் போகச் சொன்னான். பிளாஸ்டிக் நாற்காலி தருவானாம். பெரிய மனசு.

"நீ போ வெர்லீன். நான் பாத்துக்கறேன்" என்றான் ஆல்டன்.

"என்னத்த பாப்பே? வாய மூடிட்டு பெல்ட்ட போடு."

என் பெட்டி காலையிலேயே பஸ்ஸில் போனவர்களோடு போய், இந்நேரம் கப்பலில் ஏறிவிட்டது. அதில் புது நீச்சல் உடை, புதுச் செருப்பு, என் நல்ல பவுடர் டப்பா. என்னைவிட என் பெட்டிக்குக் கொடுத்து வைத்திருக்கிறது. காரைத் திருப்பி, வெளியே போகிற வரிசையில் நுழைத்தேன். அந்த வரிசையும் ஊர்ந்தது. துறைமுக வாசலைத் தாண்டுகிற இடத்தில் போய்ச் சேருவதற்குள் பனி விலகி, கப்பல் முழுசாகத் தெரிந்தது. அப்போது ஷவோன் கூப்பிட்டாள்.

"அம்மா, கப்பல் முழுக்கத் தேடிட்டேன். எங்க இருக்க?"

"கீழ பாரு. வாசல் பக்கம், ஊதாத் தொப்பி தெரியுதா?"

நான் ஜன்னல் வழியாகத் தொப்பியை வெளியே நீட்டி ஆட்டினேன். மேலே, பல மாடிக்கு மேலே, ஒரு வெள்ளைப் புள்ளி கை ஆட்டியது. போனில் அவள் விசும்புவது கேட்டது. "அப்பாவ கூட்டிட்டுப் போறியாம்மா?" என்றாள். "ஆமா, வேற என்ன பண்றது" என்றேன். அப்போது கப்பல் ஊதியது.

"நிக்காதீங்க! நிக்காதீங்க! வண்டிய எடுங்க!" வாசலில் வேறொரு மஞ்சள் சட்டை. அவன் காரின் முன்பக்கத்தைத் தட்டினான். பின்னால் ஹாரன்கள் தொடங்கின.

நாள் முழுக்கக் கத்தி, எனக்கு ஒரு சொல் மிச்சமில்லை. முதல் தடவையாக, சரி, போய்விடலாம் என்று கியரைப் போட்டேன்.

பக்கத்துக் கதவு திறந்தது. ஆல்டன் மூக்குக் குழாயை உருவி இருக்கையில் போட்டுவிட்டு இறங்கினான். துடைப்பத்தை ஊன்றி ஊன்றிக் காருக்கு முன்னால் போய் நின்றான். அதை வழிக்குக் குறுக்கே பிடித்தான்.

"என் பொண்ணு போறாய்யா!" கத்தினான். இத்தனை வருஷத்தில் அவன் கத்தி நான் கேட்டதே இல்லை. அந்தக் குரல் அவனிடம் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. "இன்னிக்கு காலையிலேருந்து நகரு நகருன்னுதான் சொல்றீங்க. வாழ்க்க பூரா நகர்ந்துட்டேன். அந்தக் கப்பல் என் கண்ணுக்கு மறையற வரைக்கும் இந்த வண்டி நகராது!"

இருமல் பிடித்துக்கொண்டது. ஆனால் துடைப்பத்தை இறக்கவில்லை. மஞ்சள் சட்டைக்காரன் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான்.

நான் என்ஜினை அணைத்தேன். சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போய் அவன் பக்கத்தில் நின்று, குழாயை அவன் மூக்கில் மாட்டினேன். கப்பல் மெதுவாகத் திரும்பியது. வெள்ளைப் புள்ளி இன்னும் கை ஆட்டிக்கொண்டிருந்தது.

"போலாமா?" என்றேன்.

"இரு வெர்லீன்" என்றான். "இன்னும் தெரியுது."