ஓட்டக்கோயில், பொய்யாதநல்லூர், ராயம்புரம்

ஸ்கேன் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார் டாக்டர் கலையரசி. பாப்பாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தாள்.

"காலிபிளவரக் குறுக்க வெட்டி வெச்ச மாதிரி இருக்குங்க."

"அதான் உங்க வூட்டுக்காரரோட மூளை."

பாப்பாயி சட்டென்று ஓர் அடி பின்னால் வந்தாள். அடுத்தவர் வீட்டு அறையை எட்டிப் பார்த்துவிட்டது போலிருந்தது.

முத்துவேல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அரியலூர் – செந்துறை பஸ்ஸில் இருபத்தாறு வருஷம் கண்டக்டர். ஆவணியில் ஒருநாள் பல் துலக்கும்போது வாய் கோணியது, வலது கை தொங்கியது. கை கொஞ்சம் தேறிவிட்டது. பேச்சு வரவில்லை. எதைக் கேட்டாலும் "அதான்... அதான்" என்பார், அவ்வளவுதான்.

தை பிறந்தால் மகள் மஞ்சுவுக்குக் கல்யாணம். பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டியவர் இவர். 'புத்தி கலங்குனவன மணவறையில ஒக்கார வெச்சா நல்லாவா இருக்கும்? பெரியப்பன் நான் வாக்குறேன்' என்று முத்துவேலின் அண்ணன் செல்லதுரை சொல்லிவிட்டார். பத்திரிகையில் யார் பெயர் என்று அச்சகத்துக்குச் சாயங்காலத்துக்குள் சொல்லியாக வேண்டும். அதற்குத்தான் அவரும் சேர்ந்து மூன்று பேரும் பெரம்பலூர் வந்தார்கள்.

"டாக்டரம்மா, நான் பேசறது இவருக்கு வெளங்குதா? அத மட்டும் சொல்லுங்க."

"சொல்றேன், இங்க பாருங்க." பேனா நுனி கழுத்துப் பக்கம் போனது. "இது மூளைத்தண்டு. மூச்சு, நெஞ்சுத் துடிப்பு எல்லாம் இது பாத்துக்கும். நாம தூங்குனாலும் இது தூங்காது."

"ஒரு நாள்கூடவா?"

"ஒரு நிமிஷம்கூட. அதுக்குப் பின்னால சிறுமூளை. ஓடற பஸ்ஸுல கம்பியப் புடிக்காம டிக்கெட் கிழிச்சாருல்ல? விழாம நிக்க வெச்சது இதுதான்."

"அந்த வித்தையெல்லாம் காலுல இருக்குதுன்னுல்ல நெனச்சேன்!"

"உள்ளுக்குள்ள ரெண்டு பக்கமும் சுண்டுவிரல் மாதிரி ஒண்ணு ஒண்ணு. நேத்து நடந்ததப் புடிச்சு வெச்சுக்கறது அது. நல்லாருக்கு. நெத்திக்கு நேர் பின்னால, யோசிச்சு முடிவு பண்ற எடம். அதுவும் நல்லாருக்கு." பேனா பொட்டோரம் வந்து நின்றது. "அடி விழுந்தது இங்க, எடது பக்கம். வார்த்தையக் கோத்து வாய்க்கு அனுப்பற எடம். கேக்கறதப் புரிஞ்சுக்கற எடம் காதுக்குப் பின்னால இருக்கு. அது தப்பிச்சிருச்சு."

"ரெண்டுக்கும் எவ்வளவு தூரங்க?"

"நாலு விரக்கடை இருக்கும்."

பாப்பாயி தன் காதோரம் நாலு விரலை வைத்துப் பார்த்தாள். மொத்தமும் ஒன்றரைக் கிலோகூட இருக்காதாம். அதற்குள் நாலு விரல் தள்ளி ஒரு மனுஷன் தப்பித்துக் கிடக்கிறான்.

"முத்துவேல் சார், கண்ண மூடுங்க" என்றார் டாக்டர். மூடினார்.

"நீங்க மூடுனீங்கம்மா, அதப் பாத்து மூடுறான்" என்றார் செல்லதுரை.

டாக்டர் சிரித்துவிட்டார். "சரி, பாடுவாரா? ராகத்துக்கு வலது பக்கமும் வேலை செய்யும். பேச்சு போனவங்க சில பேரு பாடுவாங்க."

"பாட்டா? இவரா? தாலாட்டுகூட நான்தாங்க பாடுனேன்."

"மைக் செட்டு போட்டாலே எந்திரிச்சுப் போயிடுவான்" என்றார் செல்லதுரை.

பேச்சுப் பயிற்சிக்கு வாரம் இரண்டு நாள் வரச் சொல்லி அனுப்பினார் டாக்டர்.

அரியலூரில் இறங்கி செந்துறை பஸ் ஏறினார்கள். பஸ் இன்னும் எடுக்கவில்லை. கண்டக்டர் அஜித்குமார், ஒருகாலத்தில் முத்துவேலிடம் வேலை பழகியவன், கீழே டீ குடித்துக்கொண்டிருந்தான்.

டிரைவர் இன்ஜினை உறும விட்டார். முத்துவேலின் தலை நிமிர்ந்தது. தொண்டை ஏறி இறங்கியது.

"ஓட்டக்கோயேல்... பொய்யாதநல்லூரு... ராயம்புரம்... செந்துறேய்ய்!"

பாப்பாயிக்கு மேல் சிலிர்த்தது. "மாமா! கேட்டீங்களா! பாட்டே தெரியாதுன்னு சொல்லிட்டு வந்தமே, பாவிங்க நாம!"

"கேட்டேன், கேட்டேன். கிளிப்புள்ளயாட்டம் பழக்கத்துல சொல்றான். அதுல புத்தி எங்க இருக்குது?" செல்லதுரை போனில் அச்சகத்து நம்பரைத் தேடிக்கொண்டிருந்தார்.

பாப்பாயி அவர் கையிலிருந்த போனையே பார்த்தாள்.

அப்போது முந்திரி மூட்டையோடு ஒரு பெண் படியேறினாள். "அண்ணே, இது திருமானூர் போவுமா?"

"போவும் போவும், ஏறு" என்றார் செல்லதுரை, போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

டக் டக் என்று கம்பியில் தட்டும் சத்தம். முத்துவேலின் இடது கை.

"திருமானூரு... போவாதேய்ய்! எறங்கு... எறங்கு... எறங்கேய்ய்!"

"ஏண்ணே, போவும்ங்கிற? அந்த அண்ணன் போவாதுங்குது! நல்ல ஆளுய்யா நீ!" அவள் செல்லதுரையை முறைத்துவிட்டு மூட்டையோடு இறங்கினாள். செந்துறைப் பாதையில் திருமானூர் வராது. பஸ்ஸே சிரித்தது. செல்லதுரையின் விரல் போன் மேலேயே நின்றுவிட்டது.

பாப்பாயி புருஷன் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். வெட்கம் பிடுங்கியது. ஆனாலும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஊர் பேர் கூப்பிடுகிற அதே ராகத்தில் இழுத்தாள்.

"மஞ்சுவுக்கு... தார வாக்குறது... யாரேய்ய்?"

அவர் அவளையே பார்த்தார். வாய் கோணியது, தேடியது, விட்டது, மறுபடி பிடித்தது. இடது கை நெஞ்சைத் தட்டியது.

"மஞ்சு... அப்பன்... நானேய்ய்!"

யாரும் சிரிக்கவில்லை. ஏறிவந்த அஜித்குமார் படியிலேயே நின்றான். விசில் அவன் கையிலேயே இருந்தது.

செல்லதுரை ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி போனைக் காதில் வைத்தார். "தம்பி... பத்திரிகைல எம்பேரு வேணாம். என் தம்பி பேரப் போடு. முத்துவேல். ஆமா, அவனேதான் வாக்குறான்."

பஸ் நகர்ந்தது. பாப்பாயி புருஷனின் இடது காதோரம் நாலு விரலை மெல்ல வைத்தாள். உள்ளே எதுவும் அசையவில்லை, சத்தமும் இல்லை. முடி மட்டும் வெயிலில் சூடாக இருந்தது.

"இந்தத் தலைக்குத்தானா வாரம் தப்பாம எண்ண தேச்சுவுட்டேன்" என்றாள், யாரிடமோ.

"அதான்" என்றார் முத்துவேல்.